பி.எம். டீச்சரின் முழுப்பெயர்

செய்தி கைபேசியில் வந்தது. நம் ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் வாட்ஸப் குழுவில், காலை ஏழரை மணிக்கு, பழைய அலுவலக உதவியாளர் போட்டிருந்தார்: "நம்ம பி.எம். டீச்சர் தவறிட்டாங்க. கயத்தாறு வீடு. மூணு மணிக்கு எடுக்காங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. முழுப்பெயரை ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கயத்தாற்றில் இறங்கித் தெருவுக்குள் திரும்பினால் முக்கில் ஒரு பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி, திருமதி பூமாதேவி அம்மாள். படம் மட்டும் அவருடையது. என்னோடு பஸ்ஸில் வந்த பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், இவிய யாரு? நம்ம டீச்சர் சாடையிலேயே இருக்காங்க?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை ஏசிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

நடு அறையில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். எதிர்ச் சுவரில், அவருடைய பணி நிறைவு விழாவுக்கு நான் எழுதிக் கொடுத்த வாழ்த்து மடல் தொங்கியது. கண்ணாடிச் சட்டம், பொன்நிற ஓரம், எட்டுப் பத்தி. மூன்றாம் பத்தியின் மேல் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. விடைத்தாளில் தப்பு விடையை அளவுகோல் வைத்து அடிப்பாரே, அதே கோடு. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அச்சுப் பிழையா டீச்சர்?" என்று உங்களில் ஒருவர் என் காதோரம் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நினைவு மலர்க் குழுவில் என்னிடம் சொன்னது வேறு. "ஆமினா டீச்சர், நீங்கதான் தமிழ். ஒரு நாலு பக்கம் உருக்கமா எழுதிக் குடுங்க. அவங்க பேருக்கு அர்த்தம் சொல்லி ஒரு பத்தி வச்சிருங்க, நல்லா இருக்கும்." நல்லா இருக்குமாம். போன தடவையும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் கேட்டீர்கள். இந்தத் தடவை பெயரைப் பற்றி ஒரு பத்தி இல்லை, முழுக் கட்டுரையும் அதுதான். பிடித்தால் போடுங்கள்.

அவர் பெயர் போகுமிலா. போலந்து நாட்டில் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். கேட்டவுடன் எல்லாரும் வேதக்காரரா, கிறிஸ்தவரா என்பார்கள். இல்லை. கோவில்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளி பரமசிவத்துக்கும் சொர்ணத்துக்கும் பிறந்த ஒரே பிள்ளை. பரமசிவம் சங்கத்துக்காரர், கழுத்தில் எப்போதும் சிவப்புத் துண்டு, பெயரில் மட்டும்தான் சாமி. மகள் நம் பெண்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது அன்றைய தலைமையாசிரியை அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை அதை நடுவில் உடைத்து, ஆங்கில முதலெழுத்துகளைப் பிடித்து, பி.எம். என்று கூப்பிட்டார். பிறகு பிள்ளைகள் பிரதம மந்திரி டீச்சர் என்றார்கள். நாமும் சிரித்தோம். இருபத்தெட்டு வருடம் அதையே கூப்பிட்டோம்.

அவர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புது வகுப்பில் முதல் நாள், கரும்பலகையில் முழுப்பெயரையும் எழுதுவார். "இதை முழுசாச் சொல்லிப் பழகுங்க. என்ன அர்த்தம்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கே தெரியாது." பக்கத்து வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்த எனக்கு இது தவறாமல் காதில் விழும். ஆசிரியை ஒருத்தி முதல் நாளே தெரியாது என்று சொல்லலாமா, பிள்ளைகள் மதிக்குமா என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாத்தான் டீச்சர் தெரிஞ்சதை நம்புவாங்க" என்றார்.

விடைத்தாள் திருத்தும்போதும் அப்படித்தான். விடையை முன்கூட்டியே எங்கேயாவது பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி நடுவில் வழிமுறையை இட்டுக்கட்டும் பிள்ளைகள் உண்டு. அதைக் கண்டுவிட்டால் அளவுகோலைத் தேடுவார். இரட்டைக் கோடு விழும். ஒன்றும் எழுதாமல் விட்ட பிள்ளையை ஏச மாட்டார். "பொய் விடைக்குக் காலி இடம் எவ்வளவோ மேல். காலி இடத்துல பெறகு எழுதிக்கிடலாம்" என்பார். இந்த வாசகத்தை நினைவு மலரின் அட்டையில் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். போடுங்கள். எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் அவருடைய கயத்தாறு பஸ் வரும் வரை பஸ் ஸ்டாண்டில் நானும் கூட நிற்பேன். என் வீடு பக்கம்தான், நடந்து போய்விடலாம்; பேச்சுக்காக நிற்பது. அங்கேதான் ஒரு நாள் அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "தோழர் பரமசிவம்னா மில்லே நடுங்கும். மேனேஜர் மேசையத் தட்டிப் பேசுத மனுசன். ஆனா எம் பேரை, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவரு வாயால சொல்லி நான் கேட்டதில்ல டீச்சர். பாப்பாம்பாரு, எம்மாம்பாரு, கோவம் வந்தா ஏட்டிம்பாரு. அவரு வச்ச பேரை அவரு கூப்பிட்டதே இல்ல."

கல்யாணத்தின்போது மாமியார் வீட்டில், பெயர் வாயில் நுழையவில்லை, பூமாதேவி என்று மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற மனிதர், இதற்கும் போவார் என்று. "எங்க அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லதாப் போச்சு'ன்னாரு. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். பத்திரிகையில பூமாதேவின்னு அடிச்சுட்டு வந்து அவரே ஊர் பூரா குடுத்தாரு." பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சங்கத்துல பெருமைக்கு வச்ச பேரு டீச்சர் அது. ஒரே பிள்ளை, அதுவும் பொம்பளப் பிள்ளையாப் போச்சு. பேரு மேலயும் வெக்கம், எம் மேலயும் வெக்கம்." அவர் கண்ணில் நீரெல்லாம் இல்லை. கணக்குப் போட்டு விடை எழுதுகிற முகத்தோடு சொன்னார்.

பரமசிவம் சாகக் கிடந்தபோது இவர் கேட்டே விட்டாராம். அப்பா, எம் பேருக்கு என்ன அர்த்தம், ஏன் வச்சீங்க? பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பரமசிவம் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "நல்ல பேரு பாப்பா" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் போய்விட்டார்.

என் வீட்டில் இந்தத் துன்பமே கிடையாது. பிள்ளை பிறந்தால் அத்தா பள்ளிவாசலுக்குப் போய் அசரத்திடம் பெயரையும் பொருளையும் சேர்த்தே கேட்டு வருவார். பொருள் தெரியாத பெயரை எங்கள் பக்கம் யாரும் வைப்பதில்லை. "உங்க பேருக்கு என்ன டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டார். நம்பிக்கைக்கு உரியவள் என்றேன். "குடுத்து வச்சவங்க" என்றார். அதைப் பொறாமையாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது நடந்ததில் அவருக்குச் சந்தோஷம், அந்த மாதிரிதான் சொன்னார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். நம் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்து மடல் நான்தான் எழுதுவேன். உங்களுக்குத் தெரியும், அதற்கு ஓர் அச்சு இருக்கிறது. முதல் பத்தி கரிசல் மண்ணின் பெருமை, இரண்டாவது குடும்பப் பெருமை, மூன்றாவது பெயர்ப் பெருமை. செல்வி என்றால் செல்வம், கலா என்றால் கலை, ஜெயா என்றால் வெற்றி. யாருக்கும் இதுவரை தடங்கல் வந்ததில்லை. போகுமிலாவில் வந்து நின்றேன். பிரஸ்காரர் சாயங்காலத்துக்குள் மேட்டர் வேண்டும் என்றார். மூன்றாம் பத்தியை விட்டுவிட்டு ஏழு பத்தியாகக் கொடுத்திருக்கலாம். ஏழு என்றால் அச்சில் ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் குட்டையாகும் என்றார். நானும் யோசிக்காமல் எழுதினேன்: போலந்து மொழியில் போகுமிலா என்றால் வெற்றிக்கொடி ஏந்தி வரும் வீரமகள்.

தொழிலாளர் தலைவரின் மகள், வீரமகள். அடடா, பொருத்தமாக வந்துவிட்டதே என்று எனக்கே பெருமை. மேடையில் நான் அந்த வரியை வாசித்தபோது நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் அவர் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையும் மடியில் அப்படியே இருந்தன. விழா முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க டீச்சர் கண்டுபிடிச்சீங்க?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பழைய அகராதி ஒண்ணுல பார்த்தேன்" என்றேன். "அப்ப எங்க அப்பா யோசிச்சுத்தான் வச்சிருக்காரு" என்றார். எனக்கு அது இனிப்பாக இருந்தது. இன்னொருவருக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த மடலை அவர் நடு அறையில் மாட்டினார். அந்த வீட்டில் போகுமிலா என்ற பெயர் அதுவரை சுவரிலோ வாயிலோ இருந்ததில்லை. நாத்தனார், கொழுந்தன், சீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரையும் நிறுத்தி மூன்றாம் பத்தியைப் படித்துக் காட்டியிருக்கிறார். அறுபது வயதில் ஒரு பெண் தன் பெயரை வீட்டாருக்கு அறிமுகம் செய்திருக்கிறார். இதையெல்லாம் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். அவருடைய பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள், வீட்டில் உள்ளவர்களின் பெயருக்குப் பொருள் எழுதி வரச் சொல்லி. ஆச்சியின் பெயருக்குச் சுவரில் விடை இருக்கிறது. ஆனாலும் பிள்ளை அப்பாவின் கைபேசியை வாங்கித் தட்டிப் பார்த்திருக்கிறாள். பேத்தி சரிபார்த்தாள், ஆச்சி அப்படி வளர்த்திருந்தார். வேறு விடை வந்தது. இன்னும் நாலைந்து இடத்தில் பார்த்தாள். எல்லா இடத்திலும் அதே விடை.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வெயில் கொளுத்துகிறது. குடையை மடக்காமலே கேட்டார்: "எந்த அகராதி டீச்சர்?" நான் மறுபடி உள்ளே கூப்பிட்டேன். "கடவுளுக்குப் பிரியமானவள்னு அர்த்தமாம். எங்க அப்பாவுக்குக் கடவுளே கிடையாது. அப்ப நான் யாருக்குப் பிரியமானவ?" குடையைக் கை மாற்றிக்கொண்டார். "ஊரு பூரா கிண்டல் பண்ணுச்சு, நான் கவலைப்படல. எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லிட்டே இருந்தேன்லா. அந்த இடத்தைக் காலியா வச்சிருந்தேன்லா. நீங்களுமா டீச்சர் அதுல பொய்யை எழுதணும்?" சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். சத்தமே இல்லாமல் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து தேடினேன். ஒரு கல்லூரிப் பேராசிரியரிடமும் கேட்டேன். பேத்தி கண்டதுதான் சரி. அந்த நாட்டுப் பக்கம் மிகப் பழைய பெயர் அது. இரண்டு சொல் சேர்ந்தது: முதல் சொல்லுக்குக் கடவுள், இரண்டாவதற்குப் பிரியம். அந்த முதல் சொல்லும் நம் ஊரில் பகவான் என்கிறோமே, அதுவும் தூரத்துச் சொந்தம் என்றார் பேராசிரியர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு ஹபீபுல்லா என்று வைக்கிறார்களே, அச்சு அசலாக அதே பொருள். அங்கே வீட்டில் செல்லமாகக் கூப்பிடும்போது போகுஷா என்பார்களாம். எல்லாம் ஒரு காலை நேரத்து வேலை. இதை விழாவுக்கு முன்னால் செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்டது அவருடைய பெயர் இல்லை, எட்டுப் பத்தி நிரம்புவது.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கு வாசலில் நின்று கேள்வி கேட்டுவிட்டாரே என்று எனக்குத்தான் கோபம். வரட்டும், அவரே பேசட்டும் என்று இருந்தேன். இந்த வீம்பு தமிழாசிரியைகளுக்கு மட்டும் உள்ளதா, எல்லாருக்கும் உள்ளதா, தெரியாது.

அடுத்த வருடம், மகள் வீட்டுக்குக் கொண்டு போகப் போளி வாங்கலாம் என்று கடம்பூருக்குப் போனேன். கடையில் என்னைப் பார்த்த பழைய மாணவி ஒருத்தி விடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவள் தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலுச்சாமி அண்ணாச்சி, எண்பத்தைந்தைத் தாண்டியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நான் எந்தப் பள்ளி என்று தெரிந்ததும், "நம்ம பரமசிவம் மக அங்கனதானே வாத்தியாரம்மா? நல்லா இருக்காளா?" என்றார். எங்கள் சண்டையைச் சொல்லவில்லை. நல்லா இருக்காங்க என்றேன். "அவ பேரை இப்பமாச்சும் கூப்பிடுதாகளா?" என்று கேட்டார். ஏன் அண்ணாச்சி அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். இதில் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"புது மிஷின் மாட்டுததுக்குப் போலந்துல இருந்து ஒரு பிட்டர் வந்திருந்தாரு. எட்டு மாசம் இருந்தாரு. வெயில்ல மூஞ்சி செவந்து கெடக்கும். பரமசிவம்தான் அவருக்குக் கை. ரெண்டு பேருக்கும் பொதுப் பாஷை கெடையாது, ஸ்பேனரக் காட்டிக் காட்டியே பேசிக்கிடுவாங்க. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் பர்ஸத் தொறந்து ஒரு போட்டோவக் காட்டினாரு. ஆறு வயசுப் பொம்பளப் பிள்ள. சண்டையில குண்டு போட்டு வீடு இடிஞ்சு விழுந்து செத்துப் போச்சாம். இவருதான் தோண்டி எடுத்திருக்காரு. எப்படித் தோண்டுனாருன்னு கையால எங்களுக்குச் செஞ்சு காட்டுனாரு. பரமசிவம் பேரு கேட்டான். சொன்னாரு. அப்ப சொர்ணத்துக்கு ஏழு மாசம்.

"பிள்ள பொறந்து, அவரு ஊருக்குக் கெளம்புத அன்னைக்குப் பாக்க வந்தாரு. பேரு வச்சாச்சுன்னு சொல்லி, பரமசிவம் அந்தப் பேரைச் சொன்னான். மனுசன் பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாரு. என்னத்துக்கு அழுதாருன்னு சொர்ணம் கேட்டா. ஊருக்குப் போறாருல்லா, அதான்னு சொல்லிட்டான். செத்த பிள்ள பேருன்னு தெரிஞ்சா அவ விடுவாளா? ஆயுசுக்கு ஆகாதுன்னு அன்னைக்கே மாத்திப் போட்டுருவா. அதனால யாருட்டயும் மூச்சு விடல. எனக்கு மட்டும் தெரியும்."

பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லையாமே அண்ணாச்சி, அது ஏன் என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துல பெரியவுக பேரைப் பிள்ளைக்கு வச்சா, அந்தப் பேரைச் சொல்லி ஏச மாட்டோம்லா? எங்க அம்மா பேரைத்தான் எம் மகளுக்கு வச்சிருக்கேன். இன்னை வரைக்கும் எம் பொண்டாட்டி அவளச் சின்னவளேன்னுதான் கூப்பிடுதா. அந்த மாதிரிதான். 'ஒருத்தன் கையால தோண்டி எடுத்த பிள்ள பேரு வேலு அது. அதச் சொல்லி வாட்டி போட்டின்னு நான் எப்படி ஏசுவேன்'னான். சாமி கும்பிடாத பய, இத மட்டும் சாமி மாதிரி வச்சிருந்தான். சம்பந்தி வீட்ல பேரை மாத்தணும்னப்ப எங்கிட்ட வந்தான். 'நல்லதாப் போச்சு. மாமியா வீட்ல ஏச்சு இல்லாம இருக்குமா? அவுக வாயில இந்தப் பேரு விழ வேண்டாம். பூமாதேவிய ஏசிட்டுப் போகட்டும்'னான். சொல்லிட்டு உக்காந்து அழுதான்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "எனக்குக் காலு ஆகல. நீங்க அந்தப் பிள்ளைட்டச் சொல்லிருங்க. அவுக அம்மாவும் போய்ச் சேந்துட்டா, இனிமே தெரிஞ்சா என்ன." சொல்லுதேன் அண்ணாச்சி என்றேன். போளிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ, டீச்சர் இத்தனை வருடம் அப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டாரே என்று வரவில்லை. இனி அவர் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும் என்று வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிறகு இரண்டு வருடம். போன் எண்ணை எடுப்பேன், வைப்பேன். வந்து கேட்டால் சொல்லலாம் என்று ஒரு நாள். சொன்னால் நம்புவாரா, இன்னொரு மூன்றாம் பத்தி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள். இரண்டாவது காரணம் கொஞ்சம் கௌரவமாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். கடம்பூருக்கு அவரைக் கூட்டிப் போய் அண்ணாச்சி முன்னால் உட்கார வைத்திருந்தால் நம்பிக்கைப் பிரச்சினையே இல்லை. அரை மணி நேரப் பயணம். அண்ணாச்சியும் சென்ற மழைக்காலத்தில் இறந்துபோனார்.

அவர் இறந்த மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். நாங்கள் எப்போதும் நிற்கும் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றார். இளைத்திருந்தார், வயசு என்று நினைத்துக்கொண்டேன். நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பக்கம் இரண்டு எட்டு வந்து, வானத்தைப் பார்த்து, "மழை இன்னைக்கும் உண்டு போலயே" என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அது எனக்காகச் சொன்னதுதான். நான் எதிரே நின்ற பஸ்ஸின் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். எப்போதும்வென்றான், எப்போதும்வென்றான் என்று நாலு தடவை படித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவருடைய பஸ் போய்விட்டிருந்தது. மூன்று மாதத்தில் அந்த வாட்ஸப் செய்தி வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "அப்படியா டீச்சர்? எங்களுக்குத் தெரியாதே" என்றார். பந்தியில் இலை போடுகிறவர் கூப்பிட்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அம்மா பூமாதேவிதான். மலரிலும் அந்தப் பெயரையே போடச் சொல்லியிருக்கிறாராம். நீங்களும் சரி என்றுவிட்டீர்களாம்.

பேத்தி மட்டும் பக்கத்தில் நின்று முழுவதும் கேட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள். "இது ஆச்சிக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

"தெரியாதும்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமாச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்லலாம் என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறைந்தவரிடமிருந்து தான் எதை எடுத்துக்கொண்டேன் என்று இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில் எழுதுவது வழக்கம். நேர்மை, கண்டிப்பு, எளிமை என்று நீங்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், படித்தேன். நான் அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சேர வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. போகுமிலா டீச்சர், உங்கள் அப்பா அந்தப் பெயரைக் கூப்பிடாமல் இருந்தது வெட்கத்தினால் இல்லை. அதை அவர் ஏசுகிற வாயால் தொட விரும்பவில்லை. மாமியார் வீட்டுக்கும் கொடுக்காமல் உங்களுக்கென்று எடுத்து வைத்தார். நீங்கள் யாருக்குப் பிரியமானவர் என்று என் வாசலில் நின்று கேட்டீர்கள். இதுதான் பதில். நீங்கள் இருந்தபோதே இது என் கையில் இருந்தது.